யந்திரம் பழுதா, தண்ணீர் பழுதா?

மலைநாட்டு வீடுகளில் சலவை யந்திரம் நின்றுபோனால் எழுகின்ற முதற்பேச்சு, "மெஷின் பழுதாகிவிட்டது" என்பதேயாகும். அடுத்த பேச்சு, தலவாக்கலையிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ திருத்துபவரை வரவழைக்க எவ்வளவு செலவாகும் என்பது. இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் அரைமணி நேர ஆராய்ச்சிக்கு இடமிருக்கிறது. அந்த அரைமணியைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகிறேன்.

சலவை யந்திரத்தை ஆடம்பரம் என்று முகஞ்சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் துணி துவைக்காதவர்கள். அக்கரப்பத்தனைப் பகுதியில் மார்கழி, தை மாதத்து அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. பகலெல்லாம் மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய ஒரு தாய், பொழுது சாயும் நேரத்தில் பீலியடிக்குச் சென்று, விரல் விறைக்கும் தண்ணீரில் நான்கு பேருடைய உடுப்பைக் கசக்கிப் பிழிவதென்றால் என்ன என்பதை அறிந்தவர், இஸ்தோப்பின் மூலையில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டியைக் குறைவாகப் பேசமாட்டார். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஓர் இலட்சம் ரூபா பெறுமதியான யந்திரம் ஏறத்தாழ 74 நாட் கொழுந்துக்குச் சமமாகும். ஆகவே, அது நின்றுபோகும்போது வீட்டில் ஒரு கலக்கம் உண்டாவது இயல்பே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த யந்திரங்களைச் செய்தவர்கள் நகரத்து வீடுகளை மனத்தில் வைத்தே செய்தார்கள். நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகத்தோடு பாய்கிறது. தரை சமமாக இருக்கிறது. மின்சாரக் கம்பி முறைப்படி சுவருக்குள் ஓடுகிறது. நமது தோட்டங்களிலோ தண்ணீர் மேட்டிலுள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ கறுப்புப் பொலித்தீன் குழாய் வழியாகத் தன் போக்கில் இறங்கி வருகிறது. தரை, கழுவிய தண்ணீர் வழிந்தோடுவதற்காகவே சாய்வாகப் போடப்பட்டது. கம்பியோ, பல வீடுகளில் யார் எப்போது இழுத்தது என்று சொல்லமுடியாத கம்பி. இப்படிப்பட்ட இடத்திலே யந்திரம் நின்றுபோனால், குற்றம் யந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டிலும் அதன் வாயிலோ, காலிலோ, வாலிலோ இருப்பதற்கே இடம் அதிகம். வாய் என்பது தண்ணீர் நுழையும் வழி. கால் என்பது அது நிற்கும் தரை. வால் என்பது மின்கம்பியும் கழிவுநீர்க் குழாயும்.

முதலில் வாயைப் பார்ப்போம். யந்திரத்தின் முகப்பில் ஏதோ இரண்டு ஆங்கில எழுத்துகள் மினுங்குகின்றன. உள்ளே தண்ணீர் நூல்போல் விழுகிறது, அல்லது விழவே இல்லை. சில கம்பனிகளின் யந்திரங்களில் "ஐ, ஈ" என்ற எழுத்துகளும், வேறு சிலவற்றில் "4, சீ" என்பதும் இதற்கு அடையாளமாகும். குறித்த நிமிஷங்களுக்குள் தண்ணீர் வேண்டிய மட்டத்தை அடையாவிட்டால் யந்திரம் வேலையை நிறுத்திவிட்டு இவ்வாறு முறையிடுகிறது. இது யந்திரத்தின் நோயன்று, அதன் முறைப்பாடு.

பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இவ்விடத்தில் பெற்றோருக்கு உதவலாம். பல யந்திரங்களின் கைநூலில், நீரின் அழுத்தம் 50 கிலோபாஸ்கலுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கும். பத்து மீற்றர் உயரமான நீர்நிரல் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தரும் என்பதை அவர்கள் படித்திருப்பார்கள். அப்படியானால் 50 கிலோபாஸ்கலுக்கு ஐந்து மீற்றர் வேண்டும். அதாவது பதினாறு அடிக்குச் சற்று மேல். நீர்த்தாங்கியின் நீர்மட்டத்துக்கும் யந்திரத்தின் நீர்வாய்க்கும் இடையே அந்த உயரம் இருக்கிறதா? வீட்டோரத்தில் நான்கடிக் கல் மேடை கட்டி அதன்மேல் தாங்கியை வைத்திருப்போர் இதற்கு விடை காண்பது எளிது. தாங்கி எவ்வளவு பெரிதாயிருந்தாலும் பயனில்லை. அழுத்தம் கொள்ளளவைப் பொறுத்ததன்று, உயரத்தையே பொறுத்தது. நமது மலைகளில் ஒரு வசதியுண்டு. வீட்டுக்கு மேலே எப்போதும் ஒரு மேடு இருக்கும். தாங்கியைப் பத்துப் பதினைந்து யார் மேட்டில் ஏற்றி வைத்தால், மோட்டர் வாங்காமலேயே வேண்டிய அழுத்தம் கிடைத்துவிடும்.

அழுத்தம் குறைந்தால் இன்னுமொரு வேடிக்கையும் நிகழும். யந்திரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். நீர்வாயிலுள்ள வால்வுக்குள் றப்பர்ச் சவ்வு ஒன்றிருக்கிறது. மின்காந்தம் அதன் நடுவிலுள்ள சிறு துவாரத்தை மட்டுமே திறக்கிறது. சவ்வைத் தூக்குவதும், பின்னர் அதனை அழுத்தி மூடுவதும் தண்ணீரின் சொந்த அழுத்தமே. தண்ணீருக்கு வலுவில்லையானால் வால்வு முழுதாகத் திறவாது. முழுதாக மூடவும் மாட்டாது. இதையறியாமல் புதிய வால்வு வாங்கிப் பூட்டினால், அதுவும் பழைய வால்வைப் போலவேதான் நடந்துகொள்ளும்.

உயரம் போதுமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையானால், யந்திரத்தின் பின்பக்கத்தில் குழாய் பூட்டப்பட்ட இடத்தைக் கழற்றிப் பாருங்கள். முதலில் பைப்பை மூடிவிட்டு, மின்பிளக்கையும் பிடுங்கிவிடவேண்டும். அந்த வாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு சிறு சல்லடை இருக்கும். மழைக்காலம் முடிந்து அதனைப் பார்த்தால், சிவந்த சேறும், மணலும், சருகுத் துணுக்கும் அப்பிக்கொண்டிருப்பதைக் காணலாம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றினால் தேய்த்துக் கழுவி மறுபடி பொருத்துவதற்கு ஐந்து நிமிஷம் போதும். சல்லடை தொந்தரவாயிருக்கிறதென்று அதனை எறிந்துவிட்டு யந்திரத்தை ஓட்டுவோரும் உண்டு. அது அறிவீனம். பிறகு மணல் வால்வின் சவ்விலேயே போய் உட்காரும்.

சல்லடை சுத்தமாயிருந்தால் குழாயின் வழியே மேட்டுக்கு நடந்துபோக வேண்டியதுதான். தண்ணீர் எடுக்கும் இடத்தில் சருகு அடைத்திருக்கலாம். குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் காற்று சிறைப்பட்டுத் தண்ணீரை மறித்திருக்கலாம். அவ்விடத்தில் குழாயை மேட்டின்மேல் விடாமல் பக்கவாட்டில் வளைத்துப் போடுவதே நிலையான பரிகாரம். தாங்கியிலிருந்து வெளியே செல்லும் குழாய் அடித்தட்டை ஒட்டியிராமல், நான்கு விரற்கடை மேலே பூட்டப்பட்டிருந்தால் சேறு கீழே தங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை அதனைத் திறந்துவிட்டால் சரி. இவையொன்றும் செய்ய இயலாத நாளில், மேல்மூடி திறக்கும் யந்திரமாயிருந்தால், வாளியால் தண்ணீரை நேரே உள்ளே ஊற்றலாம். மட்டம் சரியானவுடன் பெரும்பாலான யந்திரங்கள் தாமாகவே துவைக்கத் தொடங்கிவிடும்.

தண்ணீர் உள்ளே போவது ஒரு பிரச்சினையென்றால் வெளியே போவது மற்றொன்று. முன்பக்கம் கதவுள்ள யந்திரத்தின் அடியில், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் வடிகட்டி. பாடசாலைச் சட்டைப் பையிலிருந்த ஐந்து ரூபாக் குற்றி, ஊசி, பொத்தான், கொண்டை ஊசி யாவும் இறுதியில் வந்து சேரும் இடம் அதுவே. ஒரு தட்டையான பாத்திரத்தையும் பழந்துணியையும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகித் திறக்கவேண்டும். அவசரப்பட்டால் அடுப்படி முழுவதும் வெள்ளமாகும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள்.

கழிவுநீர்க் குழாயின் முனை எங்கே கிடக்கிறது என்பதும் முக்கியம். முன்கதவு யந்திரத்தில் அதன் முனை தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கவேண்டும். கானுக்குள் கீழே போட்டுவிட்டால், உள்ளே விழும் தண்ணீர் விழ விழ வெளியேறிக்கொண்டிருக்கும்; யந்திரம் முடிவில்லாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டேயிருக்கும். மேல்மூடி யந்திரங்களிற் பலவற்றுக்கு நேர்மாறு. அவற்றில் தண்ணீரைத் தள்ளும் பம்பு இல்லை. தண்ணீர் தானே வடியவேண்டும். குழாயை உயர்த்திக் கட்டினால் அழுக்குத் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். உங்கள் யந்திரம் எந்த வகை என்பதைக் கைநூலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். நமது லயங்கள் படிப்படியாக அமைந்தவை. மேல் லயத்தின் சவர்க்காரத் தண்ணீர் திறந்த மண்ணில் விடப்பட்டால், அது கீழ் லயத்தின் பீலிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ போய்ச் சேரும். அங்கிருந்து ஆக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவோடு கலந்து, தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கும் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணைக்கட்டை அடையும். அத்திட்டத்தின் ஆற்றல் 150 மெகாவாற். நாம் விட்ட தண்ணீரிலும் ஒரு பங்கு மின்சாரமாகலாம் என்பது நினைக்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அது கீழ்வீட்டாரின் குடத்தைக் கடந்து போகவேண்டியதில்லை. கானுக்கு ஒரு குழாய் போட்டுவிடுங்கள்.

இனிக் கால். பிழியும் நேரம் வந்ததும் யந்திரம் குதித்துக் குதித்து நகர்ந்து கதவடிக்கு வந்துவிடுகிறதா? இது புதிய வியாதியல்ல. வீடுகளுக்கான முதல் தானியங்கிச் சலவை யந்திரத்தை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பனியார் 1937ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது நடந்து போய்விடாதபடி தரையோடு சேர்த்து ஆணி இறுக்கி வைத்தார்கள். இன்றைய யந்திரங்களுக்கு அந்தச் சிறை வேண்டியதில்லை. ஆனால் நான்கு காலும் தரையிற் படிந்திருக்கவேண்டும். மூடியின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லாதவர்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் வைத்துப் பார்த்தாலும் சாய்வு தெரியும். கால்களைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். பலகைத் துண்டு, மடித்த அட்டை ஆகியவற்றை அடியில் செருகுவது ஒரு வாரத்துக்கு மட்டுமே உதவும். யந்திரம் புதியது, முன்கதவுள்ளது, முதல் நாளே பேயாட்டம் ஆடுகிறதென்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். லொறியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்க நீண்ட ஆணிகள் சிலவற்றை முடுக்கி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்ற மறந்திருப்பார்கள். ஒரு கம்பளியை மட்டும் தனியே போட்டுப் பிழிந்தாலும் இதே ஆட்டம் வரும். அதற்கு மருந்து, கூடவே இரண்டு துவாய்களைப் போடுவது.

குளிர்ந்த தண்ணீரில் சலவைத்தூள் கரையாமல் துணியில் வெள்ளையாகப் படிவதையும் பழுதென்று எண்ணவேண்டாம். ஒரு சிறு பாத்திரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முன்கூட்டிக் கரைத்து ஊற்றினாற் போதும். தூளைக் கூட்டிப் போடுவது கூடாது. நுரை மிகுந்தால் யந்திரம் திணறும்.

இனி வாலில் எஞ்சியது மின்கம்பி. இதுவரை சொன்னவற்றிற் பிசகினால் துணி நனையாது, தரை நனையும், பணம் செலவாகும். இங்கே பிசகினால் உயிர் போகும். ஆதலால் இவ்விடத்தில் மட்டும் என்னைக் கண்டிப்பானவனாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரக்கையால் யந்திரத்தின் தகட்டைத் தொடும்போது எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் உண்டாகிறதா? "கொஞ்சம் ஷொக் அடிக்கும், செருப்புப் போட்டுக்கொண்டால் சரி" என்று சொல்லும் வீடுகள் உண்டு. சரியல்ல. யந்திரத்துக்குள் மின் இரைச்சலைத் தடுக்கும் சிறு கொள்ளளவிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் எர்த் கம்பி வழியே பூமிக்குப் போய்விடவேண்டும். அது உங்கள் கையில் தெரிகிறதென்றால், எர்த் கம்பி இல்லை, அல்லது எங்கேயோ அறுந்திருக்கிறது என்பது பொருள். அந்தச் சிறு கூச்சம் ஆளைக் கொல்லாது. ஆனால், நாளை தண்ணீர் சூடாக்கும் கம்பிச்சுருளிலோ மோட்டரிலோ ஒரு கசிவு ஏற்படுமானால், 230 வோல்ற்றும் அதே தகட்டில் வந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொடுவார். ஆகவே, கூச்சம் தெரிந்த அன்றே பிளக்கைக் கழற்றிவிட்டு, எர்த் சரிபார்க்கும்வரை யந்திரத்தைத் தொடாதிருங்கள்.

மூன்று ஊசிப் பிளக்கை இரண்டு ஊசித் துவாரத்தில் செருகுவதற்காக இடையில் வைக்கும் மலிவான அடாப்டர்கள் செய்யும் வேலை, எர்த்தைத் துண்டிப்பதே. பக்கத்துக் காம்பிராவிலிருந்து மெல்லிய நீட்டுக் கம்பியில் மின்சாரம் இழுத்து யந்திரத்தை ஓட்டுவதும் அவ்வாறே அபாயம். கம்பி சூடேறும், வோல்ற்றளவு குறைந்து மோட்டர் முனகும். லயங்களில் மின்னொழுக்கால் பற்றிய தீயைப் பற்றிய செய்திகளை நாம் வாசிக்காத வருஷமில்லை.

மின்பலகையிலுள்ள ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், அதனைத் திட்டுவோர் பலர்; அதனைத் தவிர்த்து நேரே கம்பி கொடுத்துவிடும் கெட்டிக்காரரும் உண்டு. வீடுகளுக்கான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும்படி அமைந்தது. அது விழுகிறதென்றால் தன் கடமையைச் செய்கிறது என்றே அர்த்தம். யந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சை ஏற்றிப் பாருங்கள். நின்றால் கசிவு யந்திரத்தில்; அப்போதும் விழுந்தால் வீட்டுக் கம்பியில். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கொருமுறை அழுத்துங்கள். அழுத்தியவுடன் சுவிட்ச் விழவேண்டும். விழாத சுவிட்ச் சுவரிலிருக்கும் அலங்காரமே.

கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் பெரிய வீடுகளிலும் ஹோட்டல்களிலும் வேலைபார்க்கும் நம்மவர்கள் வேறொரு யந்திரத்தைக் கண்டிருப்பார்கள். நீச்சற்குளத்தின் அடியில் ஆமைபோல் ஊர்ந்து, தரையையும் சுவரையும் தேய்த்து, அழுக்கை உறிஞ்சும் ரோபோ அது. அதன் குணமும் நமது யந்திரத்தின் குணமே. சுவரில் ஏறாமல் சறுக்குகிறதா? அனேகமாக வடிகட்டிக் கூடை நிறைந்திருக்கும், அல்லது பிரஷ் தேய்ந்திருக்கும். ஒரே இடத்தில் வட்டமிடுகிறதா? கம்பி முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு பக்கத்துப் பட்டியில் ஏதேனும் சிக்கியிருக்கும். அதனைத் தண்ணீருக்குள் முழுதாக இறக்கிய பின்பே இயக்கவேண்டும். வெறுந்தரையில் ஓட்டினால் பம்பின் அடைப்பு வளையம் கருகிவிடும். ஆனால் மின்சார விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கம்பியோடு ஊரும் ரோபோவுக்குக் கரையில் வைத்த ஒரு பெட்டி மின்சாரத்தைச் சாதாரணமாக 24 முதல் 30 வோல்ற்றளவுக்குக் குறைத்தே அனுப்புகிறது. அப்பெட்டியைக் குளத்தின் விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வைக்கவேண்டும் என்பதும், ரோபோ ஓடும்போது எவரும் குளத்தில் இறங்கக்கூடாது என்பதும் விதி. 30 வோல்ற்றுக்கே அவ்வளவு காவல். நமது இஸ்தோப்பில் ஈரத்தின் நடுவே நிற்கும் பெட்டியோ சுவரிலிருந்து 230 வோல்ற்றையும் நேராக வாங்குகிறது. அதற்குள்ள காவல் எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சுமே.

சித்திரை மாதத்துப் பின்னேரங்களிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் கூடும்போது சுவிட்சை அணைத்தால் மாத்திரம் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். யந்திரத்தின் மின்னணுப் பலகை மின்னலில் எரிந்தால் அதன் விலை சிறிதாக இராது.

இவ்வளவும் பார்த்தும் யந்திரம் அசையவில்லையானால் அப்போது திருத்துபவரைக் கூப்பிடுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கைவைக்கும் ஆசை வாலிபர்களுக்கு வருவதுண்டு. மோட்டர் முனகியும் சுழலாதிருந்தால் கொள்ளளவி பழுதாயிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்பும் அந்தக் கொள்ளளவி மின்னேற்றத்தை வைத்திருந்து உதைக்கும் என்பது தெரிந்திராது. அந்தத் தகடு திருத்துபவருக்கு உரியது. அவரிடம் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். முகப்பில் தெரியும் எழுத்து என்ன, தண்ணீர் இறங்குகிறதா, வெளியேறுகிறதா, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள். யந்திரத்தின் தகட்டிலுள்ள மாதிரி எண்ணைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்புங்கள். தேவையான பாகத்தை அவர் கையோடு கொண்டுவருவார். லிந்துலை வழியாக இரண்டாம் முறை பஸ் ஏறவேண்டியதில்லை, அந்தக் கூலியை நீங்கள் கொடுக்கவும் வேண்டியதில்லை.

உத்தரவாதக் காலம் முடியாத யந்திரமானால், வெளியாரைக் கொண்டு திறப்பித்தால் கம்பனி பொறுப்பேற்காமற் போகலாம். முதலில் வாங்கிய கடைக்கே சொல்லுங்கள். அதற்கு வேண்டிய அட்டையில் கடைக்காரரின் முத்திரையும் திகதியும் விழுந்திருக்கின்றனவா என்பதை, யந்திரம் வந்திறங்கும் நாளிலேயே பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.